ஆபத்து போய்விட்டதா? கதிர்வீச்சுக்குத் தப்பி ஊர்விட்ட தாய்மார்கள்

நாகப்பட்டினம் கீச்சாங்குப்பத்திலும் அக்கரைப்பேட்டையிலும் 2004 டிசம்பர் 26-ல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிய தாய்மார்கள் இன்னும் இருக்கிறார்கள். கடல் மீதான பயம் அவர்களை எளிதில் விடவில்லை. ஆனால் தண்ணீர் வந்ததையும் வடிந்ததையும் கண்ணால் பார்த்தார்கள்.

2011 மார்ச் 11 அன்று ஜப்பானின் ஃபுகுஷிமாவிலும் சுனாமி வந்தது. அங்கே அணுமின் நிலையத்தில் மின்சாரம் அறுந்து, குளிரூட்ட வழியில்லாமல் மூன்று உலைகளில் எரிபொருள் உருகியது. 1,60,000-க்கும் மேற்பட்டவர்கள் வீட்டை விட்டுப் போனார்கள். காற்றில் கலந்த கதிரியக்கப் பொருள்களில் அயோடின்-131 எட்டு நாளில் பாதியாகும். சீசியம்-137 பாதியாக 30 ஆண்டு ஆகும். கைக்குழந்தை வளர்ந்து தானே தாயாகும் காலம் அது.

ஆபத்து என்றதும் மூளையில் பயத்தை உணரும் அமிக்டலா விழித்துக்கொள்கிறது, அட்ரீனல் சுரப்பி கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனைச் சுரக்கிறது. ஆபத்து நீங்கினால் அந்தக் கார்ட்டிசாலே மூளைக்குத் தகவல் தந்து சுரப்பை அடக்கிவிடும். கதிர்வீச்சுக்கோ நிறமில்லை, வாசனையில்லை. நீங்கிவிட்டது என்று உடம்புக்கு யார் சொல்வது? லண்டன் ஆய்வாளர்கள் 2016-ல் வெளியிட்ட சோதனை முடிவு ஒன்று இங்கே உதவும்: மின் அதிர்ச்சி நிச்சயம் உண்டு என்று தெரிந்தவர்களைவிட, வருமா வராதா என்று பாதிக்குப் பாதி நிலையில் இருந்தவர்களே அதிகம் பதறினார்கள்.

ஒரு தாய்க்கு இந்தப் பாதிக்குப் பாதி ஒவ்வொரு வேளைச் சோற்றிலும் வருகிறது. கொல்லையில் பறித்த கீரை, கறந்த பால், வாய்க்கால் தண்ணீர், பிள்ளை அளையும் மண் என்று எல்லாவற்றையும் தினமும் சந்தேகப்பட வேண்டியிருந்தால் நம் டெல்டாவில் ஒரு வீடு எப்படி நடக்கும்? ஃபுகுஷிமாவில் துணியை வெளியே காயப்போடவே யோசித்தார்கள். இதை அறியாமை என்று தள்ளியவர்கள் மீது எனக்குக் கோபம் உண்டு. குழந்தையின் தைராய்டு சிறியது. உடம்புக்குள் போகும் அயோடின் அங்கேதான் சேரும் என்பதால், அதே அளவு போனாலும் அதற்குக் கதிர்வீச்சு பல மடங்கு. 1986 செர்னோபில் விபத்துக்குப் பின் மாசுபட்ட பாலைக் குடித்த பிள்ளைகளுக்குத் தைராய்டு புற்றுநோய் வந்தது உண்மை. கசிவு மிகக் குறைவாக இருந்த அமெரிக்காவின் த்ரீ மைல் தீவு விபத்திலும் (1979), அருகில் வசித்த இளம் தாய்மார்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் கூடியிருந்ததை ஆய்வாளர் எவலின் ப்ராமெட் பதிவு செய்தார்.

ஃபுகுஷிமாவில் பல வீடுகளில் கணவன் வேலைக்காகத் தங்க, மனைவி பிள்ளைகளோடு தொலைவூர் போனாள். போனவளுக்கு ஊரைக் கைவிட்ட குற்ற உணர்வு, இருந்தவளுக்குப் பிள்ளையைப் பணயம் வைத்தோமோ என்ற குற்ற உணர்வு. அரசு வெளியேறச் சொல்லாத பகுதிகளிலிருந்து தாமாகப் போனவர்களுக்கான இலவச வீட்டு உதவி 2017 மார்ச்சில் நின்றது. விட்டுவந்த வீடோ இடியாமல் நிற்கிறது. உளவியலாளர் பாலின் பாஸ் இதைத் தெளிவற்ற இழப்பு என்பார். இறந்தவருக்குப் பதினாறாம் நாள் உண்டு. இப்படி நிற்கும் வீட்டுக்கு எந்த நாளும் இல்லை.

ஃபுகுஷிமாவின் இவாகி நகரத் தாய்மார்கள் 2011 நவம்பரில் ‘தராச்சினே’ என்ற அமைப்பைத் தொடங்கி, கதிர்வீச்சை அளக்கும் கருவிகளைத் தாங்களே இயக்கக் கற்றார்கள். தோட்டத்துக் காய்கறி, குடிநீர், மண் எதைக் கொண்டுவந்தாலும் ஒரு கிலோவுக்கு எத்தனை பெக்கரல் (கதிரியக்கத்தின் அலகு) என்று எண்ணாகச் சொன்னார்கள். 2012 ஏப்ரலில் அரசு வகுத்த வரம்பு பொது உணவுக்கு 100, பாலுக்கும் குழந்தை உணவுக்கும் 50. அந்த எண்ணைப் பார்த்துத்தான் கீரையைச் சமைப்பதா கொட்டுவதா என்று அவர்களால் முடிவெடுக்க முடிந்தது.