ஒரு கணக்கு, மூன்று வழி, அதே ஒன்பது

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் உயர்தர மாணவர்களுக்கு இணைந்த கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். போன கிழமை கொட்டிலில் இந்தக் கணக்கைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, அரை மணித்தியாலம் வாய் திறக்காமல் இருந்தேன்.

அ² − க × அ + 3க = 0

இந்த இருபடிச் சமன்பாட்டின் மூலங்கள் இரண்டும் நிறைவெண்கள், அதாவது பின்னமில்லாத எண்கள், என்றால், க எடுக்கக்கூடிய பெறுமானங்கள் எவை?

எழுத்துகளைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் பாடத்தின் இந்தப் பகுதிக்கு அட்சரகணிதம் என்று பெயர். அட்சரம் என்றால் எழுத்து. கணிதத்தில் எழுத்தை ஒழுங்காகப் பயன்படுத்த வழி வகுத்தவர் பிரான்சுவா வியேட் என்ற பிரெஞ்சுச் சட்டத்தரணி. 1591இல் வெளிவந்த தன் நூலில் தெரியாத கணியங்களுக்கு உயிரெழுத்தையும் தெரிந்தவற்றுக்கு மெய்யெழுத்தையும் அவர் வைத்தார். உயிரும் மெய்யும் பிரித்துப் படித்த எங்களுக்கு இது எவ்வளவு இயல்பாக இருக்கிறது! இங்கே நானும் அதையே செய்கிறேன்: தேடும் மூலங்கள் அ, இ, மெய்யின் இடத்தில் க.

முதலில் எழும்பி வந்த பெடியன் தன்மைகாட்டியை, அதாவது மூலங்கள் எப்படிப்பட்டவை என்று காட்டும் கோவையைப் பிடித்தான். பரீட்சைக்குப் பழகிய கை அங்கேதான் போகும். மூலங்கள் நிறைவெண்களாக இருக்க, க² − 12க ஒரு நிறைவர்க்கமாக வேண்டும். அதை உ² என்று வைத்து, இரண்டு பக்கமும் 36ஐக் கூட்டினான்.

(க − 6)² − உ² = 36
(க − 6 − உ)(க − 6 + உ) = 36

36ஐ 1 × 36, 2 × 18, 3 × 12, 4 × 9, 6 × 6 என்று பிரிக்கலாம். அவன் இரண்டாவதையும் கடைசியையும் மட்டும் எடுத்தான். பின்வாங்கிலிருந்து ஒரு பிள்ளை, "ஏன் நாலையும் ஒன்பதையும் விட்டனீ?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. இரண்டு காரணிகளுக்கும் இடையிலான வித்தியாசம் 2உ, அதாவது இரட்டை எண். ஆகவே இரண்டும் ஒற்றையாகவோ இரண்டும் இரட்டையாகவோதான் இருக்க முடியும். பெருக்கம் 36 என்பதால் ஒற்றை சரிவராது. இரண்டும் இரட்டை. 2 × 18 என்றால் க = 16; 6 × 6 என்றால் க = 12.

அத்தோடு நிறுத்திவிட்டான். மறை எண்களை மறந்துவிட்டான். (−2) × (−18) இலிருந்து க = −4 வரும்; (−6) × (−6) இலிருந்து க = 0 வரும். விடைகள் நான்கு. இதற்காக அவனை ஏச எனக்கு மனம் வரவில்லை. வியேட்டே நேர் மூலங்களை மட்டுந்தான் ஏற்றுக்கொண்டவர். அவரிடம் கொடுத்திருந்தாலும் 16, 12 என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார். மறை மூலங்களையும் சேர்த்து, மூலங்களுக்கும் குணகங்களுக்கும் உள்ள தொடர்பைப் பொதுவாகச் சொன்னவர் அல்பேர் ஜிரார். அது 1629இல்.

அந்தத் தொடர்புதான் இரண்டாவது வழி. மூலங்களின் கூட்டுத்தொகை க; பெருக்கம் 3க. எனவே க நிறைவெண் என்பது கேட்காமலே கிடைக்கிறது. முதல் வழியில் அதைச் சும்மா எடுத்துக்கொண்டோம். இப்போது க மறைந்துபோகிறது:

அ × இ = 3அ + 3இ

இந்த இடத்தில் பிள்ளைகளை வெளியே கூட்டிக்கொண்டு போய், செம்மண்ணில் ஈர்க்கால் ஒரு நீள்சதுரம் கீறினேன். தோட்டக் காணி ஒன்று. நீளம் அ முழம், அகலம் இ முழம். மேற்கு எல்லையோடும் வடக்கு எல்லையோடும் உட்பக்கமாக மூன்று முழ அகலத்தில் இரண்டு பாதைகள். ஒரு பாதையின் பரப்பு 3அ, மற்றதன் பரப்பு 3இ. சமன்பாடு சொல்வது இதுதான்: இரண்டு பாதைகளின் பரப்பையும் தனித்தனியே அளந்து கூட்டினால் முழுக் காணியின் பரப்பு வரும்.

எப்படி வரும்? வெங்காயம் நட மிச்ச நிலம் கிடக்கிறதே! வடமேற்கு மூலையைப் பாருங்கள். பாதைகள் சந்திக்கும் 3 × 3 சதுரத்தை இரண்டு தடவை எண்ணிவிட்டோம். இரட்டிப்பாய் எண்ணிய அந்த 9தான் பாத்தி நிலத்தின் பரப்பை ஈடுசெய்கிறது. எனவே பாத்தி நிலமும் சரியாக 9:

(அ − 3)(இ − 3) = 9

9ஐ 1 × 9 அல்லது 3 × 3 என்று பிரிக்கலாம், மறையிலும் அப்படியே. மூலங்கள் (4, 12), (6, 6), (2, −6), (0, 0). க முறையே 16, 12, −4, 0. மறை எண்ணுக்கு மண்ணில் காணி கீற முடியாது, ஆனால் படம் காட்டிய சமன்பாடு அங்கேயும் பிசகாமல் நிற்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த வழி இது. முதல் வழியில் 36 எங்கிருந்தோ வந்து குதித்தது. ஒற்றை, இரட்டை என்று வடிகட்ட வேண்டியிருந்தது. உண்மையில் அங்கே இருந்த காரணிகள் 2(அ − 3), 2(இ − 3) ஆகியவையே. அதனால்தான் இரண்டும் இரட்டை. 36 என்பது நான்கு மடங்கு 9. 3க்குப் பதிலாக 6 போட்டால் மூலைச் சதுரம் 36 ஆகும், விடைகள் பத்து. அதை எழுதிப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.

மூன்றாவது வழியைக் கொண்டுவந்தவள், கேள்வி கேட்ட அதே பிள்ளை. அவள் மூலத்தைத் தேடாமல் கவைத் தனிமைப்படுத்தினாள். அ = 3 என்று போட்டால் 9 = 0 என்று வரும்; அது நடக்காது. எனவே அ − 3 ஆல் பயமில்லாமல் வகுக்கலாம்:

க = அ + 3 + 9 / (அ − 3)

அ − 3 என்பது 9ஐ மீதியில்லாமல் பிரிக்க வேண்டும். மறுபடியும் அதே ஒன்பது! ஆறு காரணிகளையும் போட்டுப் பார்த்தால் 16உம் −4உம் இரண்டிரண்டு தடவை வரும். 12உம் 0உம் ஒவ்வொரு தடவை. ஒவ்வொரு தடவை வருபவற்றில்தான் இரு மூலங்களும் சமன்.

இந்த வழிக்குப் படத்தின் அழகு இல்லை. ஆனால் படி கூடினாலும் இது கைவிடாது. அதைக் காட்ட ஒரு முப்படி கொடுத்தேன்:

அ³ − க × அ + 6 = 0

இதற்குத் தன்மைகாட்டி எழுதப் போனால் கொப்பி நிறைந்துவிடும். காணிப் படமும் உதவாது. கவைத் தனிமைப்படுத்தினால் ஒரே வரி: க = அ² + 6 / அ. க நிறைவெண் என்றால், நிறைவெண் மூலம் எதுவும் 6ஐப் பிரித்தே ஆகவேண்டும். 1 போட்டால் 7. 2 போட்டால் 4 + 3, அதுவும் 7. 3க்கு 11, 6க்கு 37. −1க்கு −5, −2க்கு 1. −3க்கு 9 − 2.

"சேர், திரும்பவும் ஏழு வருது" என்றாள். −6க்கு 35 வந்தது. அதையும் எழுதிவிட்டு, மூன்று ஏழுகளையும் வட்டமிட்டாள். 1, 2, −3. கூட்டிப் பார்த்தாள்: பூச்சியம். முப்படியில் அ² உறுப்பு ஏன் இல்லை என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.