கிடேரி ஊசி: குச்சி விலையோடு கணக்கு முடியாது

"டாக்டர், கிடேரியே பிறக்கிற ஊசி வந்திருக்காமே, அதையே போட்டுடுங்க" என்று இப்போது பலரும் கேட்கிறார்கள். வந்திருக்கிறது. பெண் கன்று தரும் விந்தணுவை மட்டும் பிரித்துப் போடும் செயற்கைக் கருவூட்டல்தான் அது. 2024 அக்டோபரில் தேசிய பால்வள வாரியம் 'கௌசார்ட்' என்ற உள்நாட்டுத் தொழில்நுட்பத்தையே கொண்டுவந்துவிட்டது. விலையும் இறங்கி வருகிறது. ஆனால் எந்த மாட்டுக்குப் போடுகிறோம் என்பதில்தான் லாபமும் நட்டமும்.

பெண் கன்று தரும் எக்ஸ் விந்தணுவில், ஒய் விந்தணுவைவிட டிஎன்ஏ ஏறத்தாழ 4 சதவீதம் கூடுதல். சாயமேற்றி, லேசர் ஒளியில் அந்தச் சிறு வித்தியாசத்தைக் கண்டு ஒவ்வொன்றாகப் பிரிக்கிறார்கள். பத்துக்கு ஒன்பது கிடேரி பிறக்கும். ஆனால் இந்தப் பாடு பட்டுவரும் விந்தணு சற்றுத் தளர்ந்திருக்கும். விந்து அடைத்து வரும் சாதாரணக் குச்சியில் சுமார் 2 கோடி விந்தணு இருந்தால், இதில் 20 முதல் 40 லட்சம்தான். சினை பிடிப்பது குறையத்தான் செய்யும்.

ஒரு கணக்குக்கு, 100 மாட்டுக்குச் சாதாரண ஊசி போட்டு 50 சினை பிடித்தால் கிடேரி 25. பிரித்த விந்தில் 40 மட்டுமே பிடித்தாலும் கிடேரி 36. வரவு தெரிகிறது. சினை பிடிக்காத அந்தப் பத்து கூடுதல் மாடுகளும் அடுத்த பருவம் வரை 21 நாள் தின்னும் தீவனத்தை யாரும் எழுதி வைப்பதில்லை. ரெண்டு மாடு வைத்திருப்பவருக்குச் சராசரி உதவாது. அவர் மாடு பிடித்ததா இல்லையா, அவ்வளவுதான்.

அமெரிக்காவில் நடந்தது இன்னொரு பாடம். பிரித்த விந்து பரவியதும் பண்ணைகளில் கிடேரி பெருகியது. பால் விலையும் சரிந்திருந்தது. 2014-இல் 2,000 டாலரைத் தாண்டியிருந்த கறவை மாட்டு விலை, 2019-இல் 1,200 டாலருக்கும் கீழே போனது. உடனே நல்ல மாடுகளுக்கு மட்டும் பிரித்த விந்து, மற்றவற்றுக்கு இறைச்சி இனக் காளை விந்து என்று மாறினார்கள். கலப்புக் கன்றுக்கு நல்ல விலை. விளைவு, இப்போது கிடேரிக்குத் தட்டுப்பாடு. 2025-இல் விலை 3,000 டாலரைத் தொட்டது. ஊசி ஒன்றுதான், ஆறே வருடத்தில் சந்தை தலைகீழ்.

நான் பரிந்துரைப்பது முதல் சினைக்கு வரும், உடல் தேறிய கிடேரிகளுக்கு. அவற்றில் சினை நன்றாகப் பிடிக்கும். பெண் கன்று எடை குறைவு என்பதால் ஈற்றுச் சிரமமும் குறையும். பலமுறை ஊசி போட்டும் சினை நிற்காத மாட்டுக்கும், ஈன்று மெலிந்து கிடக்கும் மாட்டுக்கும் வேண்டாம். மாடு பருவத்துக்கு வந்ததைக் காட்டும் வழுவழுப்பு எப்போது தெரிந்தது என்று நேரத்தைக் குறித்து வையுங்கள். இந்த ஊசியைச் சற்றுத் தாமதித்துப் போடுவதே நல்லது. காளையின் தாய் எவ்வளவு கறந்தது என்றும் கேளுங்கள். கேட்பவர் மிகக் குறைவு. சுமாரான காளையின் விந்தைப் பிரித்தால் சுமாரான கிடேரிதான் கிடைக்கும். அதையும் கறவைக்கு வரும்வரை இரண்டரை, மூன்று வருடம் தீனி போட்டு வளர்க்க வேண்டும்.