அடாப்டர் பின்னை மாற்றும், ஆம்பியரைக் கூட்டாது

கோடை விடுமுறை முடிந்து எங்கள் பட்டறைக்கு வரும் ஆர்.வி.களில் (உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வீட்டு வண்டிகளில்) நான் முதலில் பார்ப்பது பவர் கார்டின் பிளக்கைத்தான். பல வண்டிகளில் பித்தளைப் பின் கறுத்திருக்கும். சுற்றியுள்ள பிளாஸ்டிக் பழுப்பேறி இளகியிருக்கும். "அடாப்டர் சரியாகத்தானே பொருந்தியது?" என்பார்கள். பொருந்தத்தான் செய்யும், ஒரு வகை பிளக்கை வேறு வகை சாக்கெட்டில் செருகத்தானே அதைச் செய்திருக்கிறார்கள்!

அமெரிக்காவில் இந்த வண்டிகளை நிறுத்தித் தங்கும் கேம்ப்கிரவுண்டுகளின் மின்பெட்டியில் 30 ஆம்பியர் சாக்கெட் என்றால் மூன்று பின், 120 வோல்ட், 3,600 வாட். 50 ஆம்பியருக்கு நான்கு பின். 120 வோல்ட் லைன் இரண்டு வருவதால் மொத்தம் 12,000 வாட். 50 ஆம்பியர் வண்டியை அடாப்டர் போட்டு 30-இல் செருகினால், அங்கே இருக்கும் ஒரே லைனை அடாப்டர் வண்டியின் இரண்டு லைனுக்கும் கொடுத்துவிடும். உள்ளே எல்லா சாக்கெட்டும் வேலை செய்யும். அதனால், கையிலிருப்பது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு என்பது யாருக்கும் உறைப்பதில்லை.

ஏசி ஒன்றுக்கே 13 முதல் 15 ஆம்பியர் போய்விடும். தண்ணீர் ஹீட்டர் 12. நம் ஆட்கள் மறக்காமல் கொண்டுபோகும் இண்டக்‌ஷன் அடுப்பு 1,800 வாட் என்றால் அதற்கு 15. மூன்றும் ஓடினால் பிரேக்கர் (லோடு மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழும். விழுந்தால் நல்லதுதான். விழாமல் 28 ஆம்பியரில் மதியம் முழுக்க ஓடுவதுதான் பிளக்கைத் தின்கிறது. பலர் செருகிப் பிடுங்கித் தளர்ந்துபோன சாக்கெட்டில் பின் இறுக்கமாக உட்காராது. அந்த இடத்தில்தான் சூடு பிறக்கும். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. தொடர்ந்து ஓடும் லோடை 24 ஆம்பியருக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ஹீட்டரையும் ஏசியையும் கேஸுக்கு மாற்ற முடியாதா என்று கேட்பவர்கள் உண்டு. ஹீட்டரைப் பெரும்பாலும் மாற்றலாம், ஏசிக்கு வழியில்லை.

30 ஆம்பியர் வண்டியை 50-இல் செருகப் பலர் பயப்படுகிறார்கள். வண்டிக்குள்ளேயே 30 ஆம்பியர் மெயின் பிரேக்கர் இருப்பதால் லோடு மீறாது. ஆனால் கார்டில் ஷார்ட் ஆனால் வெளியே இருப்பது 50 ஆம்பியர் பிரேக்கர்தான். நைந்த கார்டை அப்படிச் செருகாதீர்கள்.

என் கணக்கில் இதைவிட ஆபத்து வீட்டு வாசலில் இருக்கிறது. ஆர்.வி.க்கு 30 ஆம்பியர் சாக்கெட் போடச் சொன்னால், துணி உலர்த்தும் டிரையருக்குப் போடுவது போல 240 வோல்ட் கொடுத்துவிடும் எலக்ட்ரீஷியன்கள் உண்டு. செருகிய சில நொடிகளில் மைக்ரோவேவும் பேட்டரி சார்ஜரும் போய்விடும். வண்டியைச் செருகும் முன் மல்டிமீட்டர் வைத்து 120 வோல்ட்தானா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

கேம்ப்கிரவுண்டில் பிரேக்கரை அணைத்து, பிளக்கைச் செருகி, அப்புறம் போடுங்கள். ஏசி அரைமணி நேரம் ஓடியதும் அடாப்டரின் வெளிப்புறத்தைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. கை வைக்க முடியாமல் சுட்டால் பிரேக்கரை அணைத்துவிட்டு, அலுவலகத்தில் வேறு இடம் கேளுங்கள்.