உதட்டுக் கொப்புளமும் சேஃப்டி பின்னும்

போன மாதம் ஒரு பிளஸ் டூ பையன் அம்மாவோடு வந்தான். கீழுதட்டின் உட்பக்கம் பட்டாணி அளவுக்கு, லேசாக நீலம் பாய்ந்த, பளபளப்பான ஒரு கொப்புளம். வலி இல்லை. “உடம்புச் சூடுன்னு நினைச்சு தினம் இளநீர் குடுத்தேன் டாக்டர்” என்றார் அம்மா. பையன் தன் பங்குக்கு மூன்று தடவை சேஃப்டி பின்னால் குத்தியிருக்கிறான். ஒவ்வொரு தடவையும் வழவழவென்று ஏதோ வடிந்து, கொப்புளம் அமுங்கி, அப்பாடா என்று இருக்கும்போது பத்து நாளில் அதே இடத்தில் மறுபடியும் வந்து நிற்கும்.

இதற்கு மியூக்கோசீல் என்று பெயர். எச்சில் என்றால் காதுக்கு முன்னாலும் தாடைக்குக் கீழும் நாக்கின் அடியிலும் இருக்கும் பெரிய சுரப்பிகள்தான் பலருக்கு நினைவுக்கு வரும். அவை போக உதடு, கன்னம், அண்ணம் எங்கும் நூற்றுக்கணக்கில் குட்டிச் சுரப்பிகள் உண்டு. உதட்டைக் கடிக்கும்போது அதில் ஒன்றின் குழாய் கிழிந்தால், வாய்க்குள் வர வேண்டிய எச்சில் சதைக்குள்ளேயே கசிந்து தேங்குகிறது. குத்தினால் தேங்கியது வடியும், ஆனால் கசிவு நிற்காது. சின்னதாக இருந்தால் சிலருக்குத் தானாகவே வற்றிவிடும், குறிப்பாகக் குழந்தைகளுக்கு. சில வாரம் பார்க்கலாம். திரும்பத் திரும்ப வந்தால் அறுவை சிகிச்சைதான்.

உதட்டை மட்டும் மரக்கச் செய்துவிட்டு, மேல்தோலைக் கீறி, கொப்புளத்தைப் பிரித்து எடுப்போம். எடுத்ததும் அடியில் ஜவ்வரிசி மாதிரி சின்னச் சின்ன உருண்டைகள் எட்டிப் பார்க்கும். அவைதான் சுரப்பிகள். அந்த இடத்தில் துருத்திக்கொண்டிருக்கும் உருண்டைகளையும் சேர்த்து எடுத்தால்தான் வேலை முடிந்த மாதிரி. அவசரத்தில் விட்டுவிட்டாலோ, தையல் ஊசி பக்கத்துச் சுரப்பியைக் குத்திவிட்டாலோ திரும்ப வரலாம், இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது என் வழக்கம். உதட்டில் ஒரு சின்ன இடம் கொஞ்ச நாள் மரத்த மாதிரி இருப்பதும் உண்டு.

“லேசர்ல பண்ணிடுங்க” என்று கேட்டு வருகிறார்கள். பண்ணலாம், ரத்தம் குறைவு, பெரும்பாலும் தையலும் வேண்டாம். ஆனால் லேசரில் செய்தாலும் சுரப்பியை உள்ளே விட்டால் கதை பழையபடிதான். கத்தி என்றாலே அலறும் குழந்தைகளுக்கு இன்னொரு வழி இருக்கிறது: கொப்புளத்தின் ஊடாகப் பட்டு நூலைக் கோத்துத் தளர்வாக முடிந்து சில நாள் விட்டுவிட்டால், நூல் போன பாதையிலேயே எச்சில் வெளியேற வழி உண்டாகிவிடும். எல்லாருக்கும் பலிக்காது என்றாலும், அழுகிற குழந்தைக்கு முதலில் இதை முயன்று பார்ப்பதில் எனக்குத் தயக்கம் இல்லை.

நாக்குக்கு அடியில் வந்தால் விஷயம் வேறு. ரானுலா என்பார்கள், லத்தீனில் குட்டித் தவளை என்று பொருள், தவளையின் வயிறு மாதிரி வீங்கி நிற்பதால். இது பெரும்பாலும் நாவடிச் சுரப்பியிலிருந்து வருவது. மேற்பகுதியைத் திறந்து ஓரங்களைத் தைத்து விடுவது எளிய முறை, ஆனால் திரும்ப வருவது சகஜம். அந்தச் சுரப்பியையே வாய் வழியாக எடுத்துவிட்டால் திரும்பும் வாய்ப்பு மிகக் குறைவு. சில சமயம் எச்சில் தசையைத் தாண்டி இறங்கிக் கழுத்தில் வீக்கமாகத் தெரியும், ஸ்கேன் எடுத்துப் பார்ப்போம். அப்போதும் பெரும்பாலும் கழுத்தைக் கீற வேண்டியதில்லை, சுரப்பியை எடுத்தால் கழுத்து வீக்கமும் வற்றிவிடும். நாக்குக்கு உணர்ச்சி தரும் நரம்பும் இன்னொரு எச்சில் குழாயும் ஒட்டியே ஓடுவதால், முழு மயக்கம் கொடுத்து, முகத்தாடை அறுவை நிபுணரோ காது மூக்கு தொண்டை நிபுணரோ செய்ய வேண்டியது இது. கையெழுத்துப் போடும் முன் “கட்டியை மட்டுமா, சுரப்பியையும் எடுக்கிறீங்களா?” என்று கேளுங்கள், தப்பே இல்லை.

எடுத்த சதையை பயாப்சிக்கு அனுப்புவேன். “கேன்சரா டாக்டர்?” என்று முகம் வெளுத்துவிடும். கீழுதட்டில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. மேலுதட்டிலோ, அண்ணத்திலோ, கீழ்க் கடைவாய்ப் பல்லுக்குப் பின்னாலோ இருந்தால் நான் கொஞ்சம் உஷாராவேன், எச்சில் சுரப்பிப் புற்றுநோய் ஒன்று அசப்பில் இதே மாதிரி நீலக் கொப்புளமாக வரும்.

அந்தப் பையன் ஒரு வாரம் கழித்துத் தையல் பிரிக்க வந்தான். ரிப்போர்ட்டில் மியூக்கோசீல் என்றே வந்திருந்தது. பரீட்சையைப் பற்றிக் கேட்டேன், பதில் யோசிக்கும்போதே பல் கீழுதட்டுக்குப் போய்விட்டது. அம்மா அவன் தொடையில் ஒரு தட்டுத் தட்டினார்.