“எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம், டொக்டர்”

போயா விடுமுறையோடு சனியும் ஞாயிறும் ஒட்டிவந்தால், எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவில் ஒரு கட்டிலாவது வெளியூர்ப் பிள்ளைக்குப் போய்விடும். மட்டக்களப்பில் சிறுவர் வைத்தியம் பார்க்கும் எனக்கு அது பழகிப்போனது. இம்முறை இரண்டு கட்டில்கள் போயின. இரண்டாவது பிள்ளையை ஈர உடுப்போடு தூக்கிவந்தவர்கள் வாசலிலேயே சொன்ன முதல் வார்த்தைதான் இந்தக் கட்டுரையின் தலைப்பு. இந்த வார்த்தையை நான் கேட்டது அது முதல் தடவை இல்லை. இனியும் பேசாமல் இருக்க முடியாது என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

நான்கு குடும்பங்கள், பள்ளிக்காலத்து நண்பர்கள். வியாழன் இரவு வட்ஸ்அப்பில் பேச்சு எழுந்திருக்கிறது. வெள்ளி இரவு வான் பிடித்து, விடியும் வேளையில் மட்டக்களப்பு நகருக்குள் வந்து இறங்கிவிட்டார்கள். எட்டுப் பெரியவர்கள், ஏழு பிள்ளைகள். அறைகளுக்குச் சாமான் ஏற்றிக்கொண்டிருந்த நேரத்தில் நான்கு வயது மகன் தங்குமிடத்தின் நீச்சல் தடாகத்துக்குள் கிடந்தான். தடாகத்தின் ஓரத்திலேயே மூன்று பெரியவர்கள் நின்று, பகல் சாப்பாட்டுக்கு நண்டா இறாலா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கும் ஒரு சத்தமும் கேட்கவில்லை. கண்டது ஆறு வயதுச் சிறுமி. “தம்பி தண்ணீருக்குள் படுத்திருக்கிறான்” என்று அவள் சொன்ன பிறகுதான் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். (குடும்பத்தை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

பிள்ளை பிழைத்துவிட்டான். ஐந்தாம் நாள் தகப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தே வெளியே போனான். அதனால்தான் என்னால் கோபத்தோடு எழுத முடிகிறது. பிழைக்காத பிள்ளைகளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்குக் கோபம் வருவதில்லை; எழுத்தே வருவதில்லை.

இப்படி வரும் பிள்ளைகளுக்கு வைத்தியம் தொடங்கும்போது நாங்கள் கேட்கும் மிக முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: “எவ்வளவு நேரம் தண்ணீருக்குள் இருந்தான்?” மூளைக்கு எவ்வளவு நேரம் ஒட்சிசன் இல்லாமல் போனது என்பதைப் பொறுத்தே பிள்ளையின் எதிர்காலம் அமைகிறது. எட்டுப் பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தாய், பிள்ளை தகப்பனோடு இருப்பதாக நினைத்திருக்கிறார். தகப்பன், மச்சானோடு இருப்பதாக நினைத்திருக்கிறார். மச்சான் தன் பிள்ளைக்குச் சப்பாத்து கழற்றிக்கொண்டிருந்திருக்கிறார். எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள் என்றால், அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஒருவராவது இருந்திருக்க வேண்டுமே.

ஆள் கூடினால் பிள்ளை பத்திரம் என்ற நம்பிக்கைதான் என்னை மிகவும் வருத்துகிறது. வீட்டில் தாய் ஒருத்தி தனியாக இருக்கும்போது, பிள்ளை கண்ணை விட்டு மறைந்த அரை நிமிடத்திலேயே எழுந்துபோய்ப் பார்ப்பாள். பார்ப்பதற்கு வேறு ஆள் இல்லை என்று அவளுக்குத் தெரியும். எட்டுப் பேர் இருக்கும் இடத்தில் அந்த உறுத்தல் எட்டாகப் பிரிந்து ஒருவருக்கும் உறைக்காமல் போகிறது. திடீர்ப் பயணத்தில் இது இன்னும் கூடும். இடம் புதிது, தூக்கம் கெட்டிருக்கிறது, நெடுநாள் காணாத நண்பர்கள், பேச்சு முடிவதில்லை. வழியெல்லாம் வானில் தூங்கிவந்த பிள்ளைகள் மட்டும் முழு உற்சாகத்தோடு இறங்குகிறார்கள். வந்து இறங்கும் நேரம், சாப்பாட்டு நேரம், புறப்படச் சாமான் கட்டும் நேரம்: என்னிடம் வந்த பிள்ளைகளில் பலருக்கு ஆபத்து நேர்ந்தது இந்த மூன்றில் ஒன்றில்தான். குளிக்கப் போன நேரத்தில் எல்லார் கண்ணும் தண்ணீரில் இருக்கும். குளிக்காத நேரத்தில் தண்ணீரை யாரும் நினைப்பதில்லை.

இன்னொரு நம்பிக்கை இதைவிடப் பொல்லாதது. மூழ்கும் பிள்ளை கத்தும், கையைக் காலை அடிக்கும், அப்போது ஓடிப்போய்த் தூக்கிவிடலாம் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். படித்தவர்களும் நினைக்கிறார்கள், வைத்தியசாலையில் வேலை செய்பவர்கள்கூட என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். தயவுசெய்து இதை மனதிலிருந்து அழித்துவிடுங்கள். கத்துவதற்கு மூச்சு வேண்டும். மூழ்கும் பிள்ளையின் வாய் நீர்மட்டத்துக்கு மேலே வருவது ஒரு கணம். அந்தக் கணத்தில் உடம்பு மூச்சை இழுக்கப் பார்க்குமே தவிரக் குரல் எழுப்பப் பார்க்காது. கைகள் தம்மையறியாமல் பக்கவாட்டில் விரிந்து தண்ணீரைக் கீழே அழுத்தும். உங்களை நோக்கிக் கையசைக்க அவற்றால் முடியாது. தலை பின்னால் சாய்ந்திருக்கும், உடம்பு செங்குத்தாக நிற்கும். தூரத்திலிருந்து பார்த்தால் பிள்ளை வானத்தைப் பார்த்துக்கொண்டு தண்ணீரில் நிற்பது போலவே இருக்கும். இதெல்லாம் நடந்து முடிய ஒரு நிமிடம்கூடத் தேவையில்லை. சின்னஞ்சிறு பிள்ளைகள் இவ்வளவும் செய்வதில்லை. முகம் குப்புற விழுந்தால் அப்படியே கிடந்துவிடுவார்கள். தண்ணீரில் விளையாடும் பிள்ளைகளின் சத்தம் கேட்கும்வரை ஓரளவு நிம்மதியாக இருக்கலாம். சத்தம் நின்ற இடத்தில் உடனே எண்ணிப் பாருங்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021 இல் உலகெங்கும் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். அவர்களில் கிட்டத்தட்டக் கால்வாசிப் பேர் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள். நீங்கள் வானில் ஏற்றிவருவது அந்த வயதுப் பிள்ளைகளைத்தான்.

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வராதீர்கள் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். எங்கள் ஊருக்கு வாருங்கள். மாலையில் காந்திப் பூங்காவில் வாவிக் காற்று வாங்குங்கள். ஒல்லாந்தர் கோட்டையைக் காட்டுங்கள். கல்லடிப் பாலத்தில் நடத்திக் கூட்டிப் போங்கள். இரண்டு நாள் நண்பர்களோடு கழித்துவிட்டுத் திரும்பும் பெற்றோர் தங்கள் பிள்ளைகளோடும் நல்ல முகத்தோடு இருப்பதை நான் கண்டிருக்கிறேன். புறப்படும் முன் ஒரு பத்து நிமிடம் மட்டும் பிள்ளைகளுக்காக ஒதுக்குங்கள் என்றுதான் கேட்கிறேன்.

அந்தப் பத்து நிமிடத்தில் முதல் வேலை, தங்குமிடத்துக்குப் போன் எடுத்துத் தடாகத்தைச் சுற்றி வேலி இருக்கிறதா என்று கேட்பது. அறை வாடகை கேட்கிறோம், ஏசி கேட்கிறோம், இதைக் கேட்பதில்லை. வேலியும் தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவும் இல்லையென்றால், சிறு பிள்ளைகளோடு வருபவர்கள் வேறு இடம் பாருங்கள். அறைக்குள் போனதும் குளியலறை வாளித் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். தவழும் பிள்ளைக்கு ஒரு வாளி போதும்.

இரண்டாவது, தண்ணீருக்குக் காவலாக ஒருவரைப் பெயர் சொல்லி நியமிப்பது. ஒருவர், இருபது நிமிடம். அந்த இருபது நிமிடமும் அவர் கையில் போன் இருக்கக் கூடாது, பேச்சில் சேரக் கூடாது, மது அருந்தியிருக்கவே கூடாது. முறை மாறும்போது வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: “இனி நீங்கள் பாருங்கள்.” “சரி, நான் பார்க்கிறேன்.” இந்த இரண்டு வாக்கியங்களும் காதில் விழாதவரை முதலாமவர் எழும்பக் கூடாது. ஐந்து வயதுக்குக் கீழான பிள்ளை தண்ணீருக்குள் இருந்தால் கரையில் கதிரை போட்டு உட்கார்ந்திருப்பது காவல் ஆகாது. கையெட்டும் தூரத்தில் தண்ணீருக்குள் நிற்க வேண்டும். மூத்த பிள்ளையிடம் “தம்பியைப் பார்த்துக்கொள்” என்று விட்டுப்போகாதீர்கள். அன்று தம்பியைக் கண்ட அந்த ஆறு வயதுச் சிறுமி, தான் பிந்திவிட்டதாக நினைத்து எங்கள் வாசலில் அழுதுகொண்டு நின்றாள்.

கடலைப் பற்றி ஒரு வார்த்தை. பாசிக்குடாவில் வெகுதூரம் நடந்தாலும் இடுப்பளவுதான் என்று எல்லாருக்கும் தெரியும். அது உங்கள் இடுப்பு. உங்கள் முழங்கால் அளவுத் தண்ணீர் இரண்டு வயதுப் பிள்ளைக்கு வயிற்றைத் தொடும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் காற்று தரையிலிருந்து கடலை நோக்கிப் போகும். காற்றடைத்த வளையத்தில் இருக்கும் பிள்ளை நீங்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் விலகிவிடும். வளையமும் கைப்பட்டியும் விளையாட்டுச் சாமான்கள், உயிர்க்கவசங்கள் அல்ல. நகரத்தில் தங்கினால் பக்கத்தில் இருப்பது கல்லடிக் கடல். அலை கரையிலேயே வந்து உடையும். பாசிக்குடாவை நினைத்துக்கொண்டு அங்கே பிள்ளையை இறக்காதீர்கள். வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தை வெட்டிவிட்டிருக்கும் நாட்களில் அந்தப் பக்கம் வாவி நீர் இழுத்துக்கொண்டு ஓடும்; கால் நனைக்கக்கூட வேண்டாம். வாவியில் படகேறினால் பிள்ளையின் அளவுக்கு உயிர்காப்பு அங்கி கேளுங்கள். பெரியவரின் அங்கி பிள்ளையை விட்டு மேலே கழன்றுவிடும். இல்லை என்றால் ஏறாதீர்கள்.

“யாரோ பார்ப்பார்கள்” என்பது தண்ணீரோடு நிற்பதில்லை. அந்த வார இறுதியின் முதல் கட்டில் மூன்று வயது மகளுக்குப் போனது. பயணத்தில் காய்ச்சல் வந்திருக்கிறது. தாய் சிரப் கொடுத்தார். அது தெரியாமல் பெரியம்மா தன் பையிலிருந்து வேறு பெயருள்ள சிரப் கொடுத்தார். இரவு தகப்பன், காய்ச்சல் விடவில்லையே என்று ஆசனவாய் வழியாக மருந்து வைத்தார். மூன்றும் பரசிற்றமோல்தான். பரசிற்றமோல் பிள்ளையின் நிறையில் ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு முறை. கூடினால் ஈரலைத் தாக்கும். ஒரு பிள்ளைக்கு மருந்து கொடுக்கும் கை ஒன்றாக இருக்கட்டும், கொடுத்த நேரத்தை எழுதிவைக்கட்டும். இங்கே டெங்கு இருக்கிறது. ஐபுபுரூஃபன், டைக்ளோபெனாக் எதையும் யார் சொன்னாலும் கொடுக்காதீர்கள்.

கச்சான் கடலையும் அப்படித்தான். வானுக்குள் பொட்டலம் கைமாறும்போது யாரோ ஒருவர் அன்பாக இரண்டு பருப்பைக் குழந்தையின் வாயில் வைத்துவிடுகிறார். ஐந்து வயதுக்குக் கீழான பிள்ளைக்கு முழுக் கச்சான் கொடுக்க வேண்டாம். ஓடும் வானில், சிரித்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு, ஒருபோதும் வேண்டாம். சாப்பிடும்போது புரையேறிய பிள்ளைக்குப் பிறகு நாட்கணக்கில் இருமல் விடாமல் இருந்தால், அந்தப் பருப்பு மூச்சுக்குழாயில் இருக்கலாம். வைத்தியரிடம் அதைச் சொல்ல மறக்காதீர்கள். நீங்கள் சொல்லாவிட்டால் சாதாரணச் சளி என்றே தோன்றும்.

முன் ஆசனத்தில் மடியில் பிள்ளையை வைப்பது பற்றி எத்தனை தடவை சொல்வது? வெலிக்கந்தை, புனானைப் பக்கம் இரவில் யானை குறுக்கிட்டால் சாரதி பிரேக்கை மிதிக்கத்தான் செய்வார். 50 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வான் மோதி நிற்கும்போது 10 கிலோப் பிள்ளை உங்கள் கையிலிருந்து பாயும் விசை, நூற்றுக்கணக்கான கிலோவைத் தாங்கிப் பிடிப்பதற்குச் சமம். எந்தத் தாயாலும் முடியாது. பிள்ளைக்குரிய ஆசனத்தைப் பின்னால் பட்டியோடு பொருத்தி அதில் உட்கார வையுங்கள்.

இனி, தண்ணீரிலிருந்து ஒரு பிள்ளையைத் தூக்கிவிட்டால் என்ன செய்வது. அன்று அந்த மகனை ஒருவர் தலைகீழாகத் தூக்கிச் சுழற்றியிருக்கிறார், இன்னொருவர் வயிற்றை அழுத்தியிருக்கிறார். நல்ல மனதோடு செய்ததுதான். ஆனால் வயிற்றை அழுத்தினால் வாந்தி மேலே வந்து நுரையீரலுக்குள் போகும். சுழற்றும் நேரம் முழுவதும் பிள்ளைக்கு மூச்சில்லை. மூச்சைத் திருப்பிக் கொடுத்தது மூன்றாவதாக ஓடிவந்த, முதலுதவி படித்திருந்த ஒரு ஊழியர். சமதரையில் மல்லாக்கக் கிடத்துங்கள். நாடியை (முகவாயை) மெல்ல உயர்த்தி மூச்சு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து, நெஞ்சு உயரும்படி ஐந்து தடவை ஊதுங்கள். கைக்குழந்தை என்றால் வாயையும் மூக்கையும் சேர்த்து உங்கள் வாயால் மூடி ஊதுங்கள். அசைவோ மூச்சோ வராவிட்டால் நெஞ்சின் நடுவில் 30 அழுத்தம், 2 ஊதல் என்று உதவி வரும்வரை தொடருங்கள். அதே நேரத்தில் இன்னொருவர் 1990 ஐ அழைக்கட்டும். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். இதை வாசித்துப் பழக முடியாது. செஞ்சிலுவைச் சங்கத்தின் முதலுதவிப் பயிற்சிக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள்.

பிள்ளை இருமி, அழுது, பத்து நிமிடத்தில் பிஸ்கட் கேட்டாலும் வைத்தியசாலைக்குக் கொண்டுவாருங்கள். நுரையீரலுக்குள் போன தண்ணீரின் விளைவு சில மணித்தியாலங்கள் கழித்தும் வெளியே தெரியலாம். அதுவரை வைத்திருந்து பார்க்கத்தான் நாங்கள் இருக்கிறோம். பயணம் கெட்டுவிடும் என்று தயங்காதீர்கள், ஏசுவோம் என்று பயப்படாதீர்கள். இரவு 2 மணியானாலும் கதவு திறந்திருக்கும். யார் கடைசியாகப் பிள்ளையைப் பார்த்தாரோ, அவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.