மாட்டுக்கு ஆன்டிபயாட்டிக் ஊசியா? சீட்டைக் கேட்டு வாங்குங்கள்

மடிநோய் வந்த கறவை மாடு. ஊசி போட்டும் வீக்கம் வடியவில்லை; மருந்தை மாற்றிப் போட்டார்கள், அதுவும் கேட்கவில்லை; கடைசியில் காம்பு வற்றிப்போனது. என்ன மருந்து போட்டார்கள் என்று மாட்டுக்காரரைக் கேட்டால், "ஏதோ வெள்ளைப் பொடியைக் கலக்கிப் போட்டாருங்க" என்பார். கையில் துண்டுச் சீட்டுகூட இருக்காது. மருந்துக்கு அடங்காத கிருமி மடியில் இருந்தால், முன்பு போட்டது என்ன என்று தெரியாமல் அடுத்த டாக்டரும் இருட்டில்தான் ஊசி போட வேண்டும்.

மருந்துகள் விதிகள், 1945-இன்படி ஆன்டிபயாட்டிக்கை டாக்டர் எழுதிய மருந்துச் சீட்டு இல்லாமல் கடையில் விற்கக் கூடாது. கால்நடை மருந்துக்கும் இதுவே விதி. சீட்டில் டாக்டரின் கையெழுத்து, தேதி, மருந்தின் மொத்த அளவு, போட வேண்டிய அளவு, மாட்டின் உரிமையாளர் பெயர், முகவரி எல்லாம் இருக்க வேண்டும். சிகரெட் அட்டையில் கிறுக்கிக் கொடுத்த மருந்துப் பெயர் சீட்டு ஆகாது.

பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஊசி போட வருபவர் எல்லாம் டாக்டர் இல்லை. சினை ஊசி போடுகிறவரோ கால்நடை ஆய்வாளரோ ஆன்டிபயாட்டிக் சீட்டு எழுத முடியாது. கால்நடை மருத்துவ மன்றத்தில் பதிவு பெற்ற டாக்டர்தான் எழுத வேண்டும். சீட்டில் பதிவு எண் இல்லையென்றால் கேளுங்கள். கேட்டதற்காக முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

செஃப்ட்ரையாக்சோன் போன்ற ஆன்டிபயாட்டிக்குகள், அதே விதிகளில் கூடுதல் கட்டுப்பாடு உள்ள மருந்துகளுக்கான எச்1 பட்டியலில் உள்ளவை. இவற்றை விற்கும் கடை, எழுதியவர், வாங்கியவர், மருந்து, அளவு எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும். "பில் வேணுமா? அப்போ வரி சேரும்" என்று பயமுறுத்துவார்கள். பில் வாங்குங்கள். சீட்டில் எழுதிய மருந்துக்குப் பதில் "இதுவும் அதேதான்" என்று வேறு கம்பெனி மருந்தை நீட்டினால் டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள்.

அரசு மருத்துவமனையில் இலவசமாகப் போட்டாலும் மருந்தின் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். அப்படியே கண்ணையும் திறந்து வையுங்கள். மருந்துக் குப்பியின் ரப்பர் மூடியில் ஊசி குத்தியபடியே நிற்கும். அதே ஊசியால் அடுத்த மாட்டுக்கும் மருந்து உறிஞ்சுவார்கள். நோய் மடியிலிருந்து கறந்த திரிந்த பாலைத் தரையில் பீச்சுவார்கள். அடுத்த மாடு அதில்தான் படுக்கும். அடங்காத கிருமி ஆஸ்பத்திரியில் மாட்டுக்கு மாடு தாவுவது இப்படித்தான். புது ஊசி கேளுங்கள், பாலை வாளியில் பிடியுங்கள்.

ஒரு சுற்று ஊசிக்குக் கேட்கவில்லையா? பால் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பி, எந்த மருந்துக்குக் கிருமி அடங்குகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். இங்கேதான் அலைச்சல் ஆரம்பம். ஆய்வகம் டாக்டர் கடிதம் கேட்கும்; டாக்டர் "ஆய்வகத்துல நேரா கொடுங்க" என்பார். கடிதம் இல்லாமல் கிளம்பாதீர்கள். காம்பை ஸ்பிரிட்டால் துடைத்து, முதல் பீச்சுப் பாலை விட்டுவிட்டு, கிருமி நீக்கிய பாட்டிலில் பிடித்து, ஐஸில் வைத்துக் கொண்டுபோங்கள். கூடியவரை அடுத்த சுற்று ஆன்டிபயாட்டிக் போடுமுன் எடுங்கள். போட்ட பிறகு எடுத்தால் "கிருமி இல்லை" என்று ஆய்வக முடிவு வரலாம், மாடோ நோயோடு நிற்கும். வெள்ளிக்கிழமை கொடுத்தால் சனி, ஞாயிறில் கிடப்பில் போகும். திங்கள், செவ்வாயில் கொடுத்துவிடுங்கள்.

ஊசி போட்ட மாட்டின் பாலைப் பால் சங்கத்துக்கு ஊற்றுவதற்கும் கெடு உண்டு. மருந்து லேபிளில் எத்தனை நாள் விற்கக் கூடாது என்று இல்லாவிட்டால் பாலுக்குக் குறைந்தது 7 நாள், இறைச்சிக்கு 28 நாள். எண்ண வேண்டியது கடைசி ஊசியிலிருந்து. முதல் ஊசியிலிருந்து எண்ணி, பாலை ஊற்றி மாட்டிக்கொண்டவர்கள் அதிகம்.

கடைமேல் புகார் என்றால் மருந்துகள் ஆய்வாளர், அரசு மருத்துவமனைமேல் என்றால் கால்நடை பராமரிப்புத் துறையின் மண்டல இணை இயக்குநர், பதிவு இல்லாமல் சீட்டு எழுதினால் மாநில கால்நடை மருத்துவ மன்றம். வாயால் சொன்னால் "பார்க்கிறோம்" என்பதோடு சரி. எழுதிக் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். மனுவோடு சீட்டு, பில் இரண்டின் ஜெராக்ஸை மட்டும் வையுங்கள். அசலைக் கேட்டால் காட்டுங்கள், கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள்.