மறதி என்று அழைத்து வந்தார்கள்

72 வயதுப் பெரியவரை அவருடைய மகன் அழைத்து வந்திருந்தார். "அப்பாவுக்கு ஞாபகம் குறைந்துகொண்டே வருகிறது டாக்டர். நாம் ஒன்று கேட்டால் அவர் ஒன்று சொல்கிறார்." (நான் ஆடியாலஜிஸ்ட், அதாவது செவித்திறனைச் சோதிப்பவன்; டாக்டர் என்று அழைப்பதைத் திருத்துவதை விட்டுப் பல வருடங்களாகின்றன.) பெரியவர் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, "காலையில் என்ன சாப்பிட்டீர்கள் ஐயா?" என்றேன். சிரித்துத் தலையாட்டினார். அதையே தாளில் எழுதிக் காட்டினேன். "மூன்று இட்லி. மூன்றாவதற்குச் சட்னி தீர்ந்துவிட்டது" என்றார், மகனை ஒரு பார்வை பார்த்தபடி.

இரு காதுகளிலும் 90 டெசிபலுக்கு மேல் இழப்பு, அதாவது மிகக் கடுமையான நிலை. பல ஆண்டுகளாகக் காது மெஷினை வைத்து ஒப்பேற்றியிருக்கிறார். அது சத்தத்தைத்தான் கூட்டியது, சொல்லைத் தெளிவாக்கவில்லை. இதற்கு முன் வேறோர் இடத்தில் நினைவாற்றல் சோதனை நடந்திருக்கிறது. சொற்களை வாயால் சொல்லித் திருப்பிக் கேட்கும் சோதனை. காதில் விழாத சொல்லை எங்கிருந்து நினைவுக்குக் கொண்டுவருவது? கேள்விகளை எழுத்தில் காட்டும் சோதனை வடிவங்கள் இருக்கின்றன. அப்படிச் செய்தபோது மதிப்பெண் கொஞ்சம் குறைவாகத்தான் இருந்தது. ஆனால் வீட்டார் பயந்த அளவுக்கு இல்லை.

அதற்காகக் காதுக்கும் மறதிக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லவில்லை. வாக்கியத்தில் பாதிதான் விழுகிறது என்றால் மீதியை மூளை ஊகித்து நிரப்ப வேண்டும். கவனமெல்லாம் அதிலேயே செலவாகிவிட்டால், கேட்டதை உள்ளே பத்திரப்படுத்த என்ன மிஞ்சும்? பிறகு கல்யாண வீட்டில் கடைசி வரிசை நாற்காலி, அதற்குப் பிறகு கல்யாணத்துக்கே போகாமலிருப்பது. 2011இல் அமெரிக்காவின் பால்டிமோரில் 639 பேரைத் தொடர்ந்து கவனித்து வெளியான ஆய்வில், கடுமையான செவித்திறன் இழப்பு உள்ளவர்களுக்கு டிமென்ஷியா (நினைவும் சிந்தனையும் படிப்படியாகக் குறையும் நோய்) வரும் அபாயம் ஏறக்குறைய ஐந்து மடங்காக இருந்தது. ஆனால் இரண்டும் சேர்ந்து வருவதால் மட்டும் ஒன்று மற்றதற்குக் காரணம் ஆகிவிடாது.

இவருக்குக் காக்ளியர் இம்ப்ளாண்ட் பரிந்துரைத்தோம். உட்காதில் ஒலியை உணரும் மயிரிழைச் செல்கள் அழிந்த நிலையில், மின்முனைகளை உள்ளே செலுத்தி நரம்பை நேரடியாகத் தூண்டும் கருவி அது. சுமார் 3,500 செல்கள் செய்த வேலையை, நிறுவனத்தைப் பொறுத்து 12 முதல் 22 மின்முனைகள் செய்கின்றன. "இந்த வயதில் எதற்கு?" என்று உறவினர் கேட்டார்கள். வயதைவிட, எத்தனை வருடம் சத்தமே கேட்காமல் கழிந்தது என்பதைத்தான் நான் கூர்ந்து பார்ப்பேன். செலவு வேறு விஷயம். தமிழ்நாட்டில் அரசுக் காப்பீட்டில் இந்த அறுவை சிகிச்சை சிறு குழந்தைகளுக்கானது. முதியவர் என்றால் பெரும்பாலும் குடும்பம்தான் பல லட்சம் திரட்ட வேண்டும்.

மறதி குணமாகுமா என்று மகன் கேட்டார். 2015இல் வெளியான பிரெஞ்சு ஆய்வைச் சொன்னேன். பத்து மையங்களில் 65 முதல் 85 வயதுவரையான 94 பேர். முதலில் சோதனைகளில் பின்தங்கியிருந்த 37 பேரில் 30 பேர் ஓராண்டில் முன்னேறினார்கள். நல்ல செய்திதான். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க, கருவி பொருத்தாத குழு அதில் இல்லை. கேட்கும் பயிற்சியும் சேர்த்தே கொடுத்தார்கள். 2023இல் காது மெஷினை வைத்து 977 பேரிடம் நடந்த அமெரிக்க ஆய்வில், மொத்தமாகப் பார்த்தால் மூன்றாண்டில் வித்தியாசம் தெரியவில்லை. அபாயம் கூடுதலாக இருந்த பிரிவில் மட்டும் சிந்தனைத் திறனின் சரிவு 48 சதவீதம் மெதுவானது. ஆகவே, டிமென்ஷியா வராமல் தடுக்கும் என்று சொல்லி யாராவது இந்தக் கருவியை விற்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

அறுவை முடிந்து நான்காவது வாரம் கருவியை இயக்கினோம். "தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுகிறீர்கள்" என்றார். குறில் நெடில் வித்தியாசம் சீக்கிரம் பிடிபட்டது: பல்லையும் பாலையும் பிரித்தார். பல்லும் கல்லும் மாதக்கணக்கில் குழம்பின. பேத்தி தினமும் அரைமணி நேரம் செய்தித்தாள் வாசித்துக் காட்டினாள். நாங்கள் செய்த மேப்பிங்குக்கு (மின்தூண்டல் அளவை அவருக்கேற்பச் சரிசெய்வதற்கு) நிகரான வேலை அது.

ஆறு மாதம் ஆகிறது. அமைதியான அறையில் பேச்சைப் பின்தொடர்கிறார், கூட்டத்தில் தடுமாறுகிறார். நாகஸ்வரம் "வெறும் இரைச்சல்" என்று குறைப்படுகிறார். எழுத்துச் சோதனையில் மதிப்பெண் சற்றுக் கூடியிருக்கிறது. பழகிய சோதனை என்பதால் அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மருமகள் சொன்னதைத்தான் கோப்பில் குறித்து வைத்தேன்: "நாங்கள் பேசிக்கொண்டிருந்தால் மாமா நடுவில் புகுந்து, நான் சொன்ன தேதி தப்பு என்கிறார்."